கையை நீட்டப் பெண்கள், ஓடி ஒளிய ஆண்களா?



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ, போனசைப் பற்றியோ, கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றியோ நாம் எழுதப்போவதில்லை. லயத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை எழுதப்போகிறோம். பெரியவர்கள் முதலில் படித்துப் பாருங்கள். பிறகு வயது வந்த பிள்ளைகளிடமும் கொடுங்கள். பக்கத்தைக் கிழித்து வடை மடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பத்திரிகைகள் இதைப் 'பால்வினை நோய்' என்று எழுதும். நம் தாத்தா பாட்டி காலத்தில் மேகம் என்றார்கள், வெட்டை என்றார்கள், கிரந்தி என்றார்கள். லயத்துத் திண்ணையில் பேசும்போது பெயரே கிடையாது. 'அந்தச் சீக்கு' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பெயர் சொல்ல வெட்கப்படுகிற நோய்க்கு மருந்து எப்படிக் கேட்பது? இந்த வெட்கத்தால் ஒரு குடும்பம் சிதறப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறோம். கணவன் மனைவி இருவருடைய சம்மதத்தையும் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம். தேடிப் பார்க்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட வீடு எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது.

இரவு பத்து மணிக்கு வந்த போன்

ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து நமக்குப் போன் வந்தது. "தலைவரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. வீட்டுல பெரிய தகராறு. பொண்ண அவுங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பப் போறாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சங்கத்துக்காரன் என்றால் சம்பளச் சீட்டைப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தப் பெண் மூன்று மாதக் கர்ப்பிணி. மடியில் முதல் பிள்ளை. கண் சிவந்து, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எங்க பரம்பரையில இப்படி ஒரு சீக்கு உண்டா தலைவரே? இவ எங்கேருந்து கொண்டாந்தாளோ!"

நடந்தது இதுதான். அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக்கில் முதல் தடவை பதியும்போது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பது போல இவளுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மிஸ்ஸி திரும்ப அழைத்து, தனி அறையில் உட்காரவைத்து, "உனக்குச் சிப்பிலிஸ் இருக்கிறது. பயப்படாதே, ஊசி போட்டால் குணமாகும். உன் கணவரையும் அழைத்து வா" என்று சொல்லியிருக்கிறார். கள்ளம் தெரியாத பெண். வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரத்தம் நோயைச் சொல்லும். அதை வீட்டுக்குள் யார் கொண்டுவந்தது என்று சொல்லாது. யாருடைய இரத்தத்தை முதலில் பார்த்தார்களோ, அவர்மேல்தான் பழி விழுகிறது. நம் தோட்டங்களில் முதலில் கையை நீட்டுகிறவர்கள் எப்போதும் பெண்கள். அதனால் பழியும் எப்போதும் பெண்கள் தலையில்.

திடலில் வந்த உண்மை

புருஷனைப் பந்து விளையாடும் திடல் பக்கம் அழைத்துக்கொண்டு போனோம். நல்ல உழைப்பாளி. பழம் வெட்டுவதில் கெட்டிக்காரன். வெகுநேரம் வாய் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கடைசியில் அவனாகவே சொன்னான்.

"அண்ணே, போன வருசம் போனசு வாங்குன கையோட கூட்டாளிங்களோட வெளியூரு போனேன். அங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு புண்ணு வந்துச்சு. வலியே இல்ல அண்ணே. ஒரு மாசத்துல தானா ஆறிப்போச்சு. சரி, ஒன்னுமில்லன்னு விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் செவப்பா பொட்டுப் பொட்டா வந்துச்சு. உரம் போடுறதால வந்த ஒவ்வாமைன்னு நெனச்சேன். மண்டோரும் கையுறை போட்டுக்கடான்னாரு. அதுவும் போயிருச்சு."

இந்தப் பொல்லாத நோயின் குணமே அதுதான். சிப்பிலிஸ் என்று டாக்டர்கள் சொல்லுகிற நோய் முதலில் வலியில்லாத ஒரு புண்ணாக வரும். தொற்றிய 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் வரும். மருந்தே இல்லாமல் ஆறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கை, உள்ளங்காலில்கூட வரும். அதுவும் தானே மறையும். மனிதன் குணமாகிவிட்டது என்று நினைப்பான். கிருமியோ இரத்தத்தில் பதுங்கிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் கண்ணையும் கெடுத்துவிடும். கர்ப்பிணிக்கு இருந்தால் கரு கலையலாம், பிள்ளை செத்துப் பிறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம்.

கரையான் அரிக்கிற மரம் வெளியே பச்சையாகத்தானே நிற்கும்?

"வீட்டுல இத எப்படி அண்ணே சொல்றது?" என்றான். "சொல்லாவிட்டால் அவள் தனியாகச் சுமக்க வேண்டும். நீ சொன்னால் இருவரும் சேர்ந்து சுமக்கலாம்" என்றோம். அன்று இரவே சொன்னான். அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நம்முடைய வேலை அல்ல. மறுநாள் காலை ஆறரை மணிக்கு மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணே, கிளினிக்குக்கு நீங்களும் கூட வாங்க" என்றான்.

கவுண்டரில் ஒரு கேள்வி

சிறு பட்டணத்து அரசாங்க கிளினிக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையிலேயே நாற்காலி நிறைந்துவிடும். அதில் பாதி நமக்குத் தெரிந்த முகம். மைகார்டைக் கொடுத்ததும் கவுண்டரில் இருந்தவர் வழக்கப்படி, "சாக்கிட் அப்பா?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் நம் தோட்டத்து ஆட்கள் மூன்று பேர். நம் தோழன் வாயடைத்துப் போனான். "காய்ச்சல்" என்று சொல்லப் பார்த்தான்.

காய்ச்சல் என்று சொன்னால் காய்ச்சல் மாத்திரைதான் கிடைக்கும். எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்திருப்பார்கள்!

இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ஹால் பெரிபாடி. நாக் ஜும்பா டாக்டர்." சொந்த விஷயம், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இவ்வளவு போதும். மீதியைக் கதவு சாத்திய அறையில் சொல்லிக்கொள்ளலாம். மலாய்மொழி சரளமாக வராதவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டலாம்.

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஒரு கோப்பைத் தே தாரேக் விலைகூட இல்லை.

உள்ளே போனான். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து, நம் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சும்மா உக்காந்துருக்கீங்க அண்ணே. நாந்தானே மாட்டிக்கிட்டேன்" என்றான்.

தோழர்களே, அந்தப் பேச்சு நம்மைச் சுட்டுவிட்டது. நமக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். மூன்று பிள்ளைக்கும் நம் மனைவி கையை நீட்டி இரத்தம் கொடுத்திருக்கிறார். நாம் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. மேடையில் ஏறினால் ஆண் பெண் சமத்துவம் பேசுகிறோம்! கல்யாணத்துக்கு முன்னால் நாமும் வாலிபனாகத்தானே இருந்தோம்?

நாமும் போய்ப் பெயர் கொடுத்தோம். "எனக்கும் சோதனை செய்யுங்கள்" என்றோம். டாக்டர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கையில் கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்துவரச் சொன்னார்கள். எச்.ஐ.வி.க்கு உடனடிச் சோதனை. முடிவு சுமார் இருபது நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் நம் உள்ளங்கை வேர்த்துவிட்டது. வேலைநிறுத்தத்தில் துரைக்கு எதிரே நின்றவன்தான், ஆனால் அந்த நாற்காலியில் பயமாக இருந்தது. இதை எழுத நமக்கு வெட்கமில்லை. நம் பெண்கள் இந்த நாற்காலியில் எத்தனை தடவை தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நமக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. நம் தோழனுக்குச் சிப்பிலிஸ் உறுதியானது. வேறு எதுவும் இல்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள்.

நம் பெண்கள் செய்த சாதனை

மலேசியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல். 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்து வருகிறார்கள். சிப்பிலிஸ் சோதனை அதற்கும் முந்தியது. நோய் தெரிந்தால் தாய்க்கு உடனே மருந்து. பிள்ளை நோயில்லாமல் பிறக்கிறது. இப்படித் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிப்பிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே இந்தப் பெயரை முதலில் வாங்கியது நம் நாடுதான்.

டாக்டர்களும் மிஸ்ஸிகளும் உழைத்தார்கள். உண்மை. ஆனால் அந்தச் சான்றுக்குப் பின்னால் கையை நீட்டிய இலட்சக்கணக்கான தாய்மார்கள் இருக்கிறார்கள். பெரட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு பஸ் ஏறிப் போன நம் தோட்டத்துப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். ஒழித்தது என்றால் நோயே இல்லை என்று அர்த்தமல்ல. சோதனையும் மருந்தும் நின்றால் மறுபடி தலைதூக்கும்.

இப்போது ஆண்களைக் கேட்கிறோம். நாம் என்ன செய்தோம்?

செய்யக் கூடாத மூன்று காரியம்

ஒன்று, கூட்டாளி கொடுத்த மாத்திரையை விழுங்குவது. "எனக்கு வந்தப்ப இதத்தான் தின்னேன், நீயும் தின்னு" என்று நாலு மாத்திரையை நீட்டுவான். வெட்டை என்று பெரியவர்கள் சொன்ன கொனோரியாவுக்குப் பழைய மருந்துகள் பல இன்று வேலை செய்வதில்லை. அரைகுறையாகத் தின்றால் கிருமி பலம் பெற்றுவிடும். எரிச்சல் நின்றாலும் நோய் நின்றது என்று அர்த்தமில்லை.

இரண்டு, லேகியத்தையும் பஸ்பத்தையும் நம்பிக் காலத்தை ஓட்டுவது. அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. மேகத்துக்கு ரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர்களும் பாதரசத்தைத்தான் பூசினார்கள். ஆனால் 1943-ல் சிப்பிலிசுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்து வெற்றி கண்டுவிட்டார்கள். எண்பது வருஷத்துக்கு மேலாகக் கையில் இருக்கிற மருந்தை விட்டுவிட்டு மூலிகைக்காரனைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

மூன்று, ஒருவர் மட்டும் மருந்து எடுத்துக்கொள்வது. புருஷன் ரகசியமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டான். அவளிடம் இருக்கிற கிருமி மறுபடியும் அவனுக்கே வரும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த கதைதான். இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்க வேண்டும். டாக்டர் 'சரி' என்று சொல்லும்வரை உடலுறவைத் தள்ளிவைக்க வேண்டும்.

யார் போகவேண்டும்? எப்போது போகவேண்டும்?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் வடிதல், மர்ம உறுப்பில் புண், கொப்புளம், மரு, தொடையிடுக்கில் கட்டி, பெண்களுக்கு நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போகவேண்டும்.

அடையாளமே இல்லாதவர்களும் போகவேண்டியிருக்கும். கொனோரியாவும் கிளமிடியா என்னும் நோயும் பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு "பிள்ளை இல்லையே" என்று கோயில் கோயிலாக ஏறி இறங்குவார்கள். மலடி என்ற பட்டம் அவளுக்கு. நோய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எச்.ஐ.வி.யும் பல வருஷம் அடையாளம் காட்டாமல் உடம்பில் இருக்கும். ஆகவே உறை போடாமல் புதியவரோடு உறவு கொண்டவர்கள், ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள், கல்யாணம் பேசி முடித்த வாலிபர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

நேற்று நடந்ததற்கு இன்று சோதனை செய்தால் கிருமி தெரியாமல் போகலாம். டாக்டரிடம் நாளைச் சரியாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போங்கள். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் உண்டானால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்க வேண்டும். அதைத் தடுக்கும் மருந்து உண்டு. ஆனால் நேரம் தவறினால் பயனில்லை.

உள்ளே டாக்டர் சில கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது? எத்தனை பேரோடு? ஆணோடா பெண்ணோடா? கோபப்படாதீர்கள். எந்தச் சோதனை செய்வது, எங்கேயிருந்து மாதிரி எடுப்பது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ச் சோதனை இருக்கலாம் என்பதால் போவதற்குச் சற்று முன்னால் சிறுநீர் கழிக்காமல் இருங்கள். எல்லாக் கிளினிக்கிலும் எல்லாச் சோதனையும் அன்றைக்கே முடிந்துவிடாது. சிலதற்குச் சில நாள் ஆகும். சிலதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். முடிவை வாங்கப் போகாதவன் சோதனை செய்யாதவனுக்குச் சமம்.

எச்.ஐ.வி. சோதனையைப் பெயர் சொல்லாமலே செய்துகொள்ளும் ஏற்பாடும் அரசாங்க கிளினிக்குகளில் உண்டு. கேட்டுப் பாருங்கள். சிகிச்சை தொடங்கும்போது மட்டும் பெயர் கொடுத்தாக வேண்டும்.

சிப்பிலிஸ் என்றால் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு ஊசியோ, வாரம் ஒன்றாக மூன்று ஊசியோ போடுவார்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒரு தடவை இரத்தம் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. என்றாலும் உலகம் முடிந்துவிடாது. அரசாங்கத்திலேயே மருந்து கொடுக்கிறார்கள். தினமும் தவறாமல் சாப்பிட்டு, கிருமி கண்ணுக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அது அடுத்தவருக்குத் தொற்றாது. வேலை செய்யலாம், கல்யாணம் செய்யலாம், நோயில்லாத பிள்ளை பெறலாம். ஒரே மங்கில் சாப்பிடுவதாலும், ஒரே கக்கூசுக்குப் போவதாலும், கொசு கடிப்பதாலும் எச்.ஐ.வி. வராது. இதை லயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்டோருக்கும் துரைக்கும் தெரிந்துவிடுமா?

எல்லாரும் நம்மிடம் கேட்கிற கேள்வி இதுதான். நேராகவே பதில் சொல்கிறோம்.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி எச்.ஐ.வி., சிப்பிலிஸ், கொனோரியா ஆகியவற்றைக் கண்டால் டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். நோய் பரவாமல் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த அறிவிப்பு தோட்ட ஓபிசுக்குப் போவதில்லை.

தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாளும், இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் ஓபிசுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எம்.சி. இருந்தும் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். எம்.சி.யில் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. வெறும் சோதனைக்குப் போனவர்களுக்குப் பல நேரம் எம்.சி. கிடைக்காது. 'டைம் சிலிப்' தான் கிடைக்கும். அது விடுப்புச் சீட்டு அல்ல. நாள் சம்பளக்காரனுக்கு அன்றைய கூலி போய்விடும். பழம் வெட்டுகிறவனுக்குக் குலைக் கணக்கு போய்விடும். ஒரு வெள்ளிச் சோதனைக்கு ஒருநாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சங்கம் இதைப் பேச வேண்டும். வருஷத்தில் அரைநாளாவது சோதனைக்குச் சம்பளத்தோடு விடுங்கள் என்று ஒவ்வொரு தோட்டத்துக் கமிட்டியும் கேட்கவேண்டும்.

எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது, வேலைக்காக அந்தச் சோதனையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, விஷயத்தை இரகசியமாக வைக்க வேண்டும் என்று தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2001-ல் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. அது சட்டமல்ல. மீறினால் தண்டனை இல்லை. ஆனால் துரையின் மேசைமேல் எடுத்து வைக்க நம் கையில் ஒரு தாளாவது இருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

அடுத்த லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களின் நிலைமை வேறு. வேலை பெர்மிட்டுக்காக அவர்களுக்குச் சோதனை கட்டாயம். எச்.ஐ.வி. இருந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அவனுங்கதான் சீக்கக் கொண்டு வரானுங்க" என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். சோதனை செய்யப்பட்ட அவனைச் சோதனையே செய்யாத நாம் குற்றம் சொல்லலாமா?

அந்த வீட்டில் இப்போது

பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் இரத்தத்தையும் பார்த்தார்கள். நோயில்லை. மாமியார்தான் இப்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார். அன்றைக்குப் பேசியதைப் பற்றி இதுவரை மருமகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

அந்தப் பெண்ணிடம், இதைப் பத்திரிகையில் எழுதலாமா அம்மா என்று கேட்டோம்.

"எழுதுங்க அண்ணே. அந்த ஊசி ரொம்ப வலி. ரெண்டு நாளு உக்கார முடியல. அதுகூட மறந்துபோச்சு. அன்னிக்கு ராத்திரி என்னைப் பேசுனதுதான் மறக்கல. அவரு முன்னமே போயி பாத்திருந்தா, நான் அந்தப் பேச்ச வாங்கியிருக்க வேண்டாமுல்ல?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

தோழர்களே, பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவர் முதல் தடவை கிளினிக்கில் பதியப் போகிற நாளில் நீங்களும் கூடப் போங்கள். அவர் ஒரு கையை நீட்டும்போது நீங்களும் ஒரு கையை நீட்டுங்கள். வாலிபர்கள் கூட்டாளியோடு சேர்ந்து போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் தோட்டத்துச் சங்கப் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள். வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். அவரும் இதுவரை சோதனை செய்திருக்கமாட்டார். அவரையும் கையை நீட்டச் சொல்லுங்கள்!

அடுத்த வாரம் சம்பளச் சீட்டோடு சந்திப்போம்.